கூரைமேல் வைத்த டயர்கள்

எங்கள் லயத்துத் தகரக் கூரையில் பழைய டயர்களை வைக்கச் சொன்னவன் நான்தான். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம்; லயம் என்பது தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடுகள். ஆடிக் காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க அதுவரை கற்களை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருமுறை கல் உருண்டு ஓர் அடுப்பங்கரைக்குள் விழுந்தது. டயர் என்றால் ஆளைக் கொல்லாது என்றேன். அதே லயத்தில் பிறந்து விஞ்ஞான ஆசிரியராகி, ஓய்வுபெற்றுத் திரும்பியவன் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா?

டயர்களில் மழைநீர் தேங்கியது. சுகாதாரப் பரிசோதகர் வந்து எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். டெங்கு நுளம்பு இந்தக் குளிரில் பெருகாது, இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன் என்று அவரோடு சிங்களத்தில் வாதாடினேன். மலையிலும் சூடு கூடிவிட்டது, நுளம்பும் ஏறி வருகிறது என்றார். கொழும்பிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வந்தால் போதும், அவரைக் கடித்த நுளம்பு இங்கிருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்துவிடும் என்றார். எனக்கே பாடமா என்று சிரித்தேன். கூடி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் போய்விட்டார்.

"எங்கண்ணன் சொல்லிட்டாரு. இனி கொசு இங்க வர கீழ அட்டன்ல பஸ் ஏறவே யோசிக்கும்" என்றாள் பக்கத்து வீட்டிலிருந்த என் தங்கை.

அவளேதான் பிறகொரு நாள், இப்போதெல்லாம் பகலிலேயே கடிக்கிறது என்றும் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கம்பளிச் சட்டை பல வருடங்களாக ஆணியிலேயே தொங்கியது. கடைத்தெருவில் மின்விசிறி ஓடியது. இரண்டையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தீபாவளிக்குக் கொழும்புக் கடைவேலையிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். கொஞ்ச நாளில் தங்கையும் படுத்தாள். அவள் புருஷன் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டார். வாசலில் மறித்தேன்.

"அவ மலையை விட்டு எப்ப இறங்கினா மாப்பிள்ள? கொழுந்து எடுக்கப் போயி மழையில நனைஞ்ச காய்ச்சல் இது. ரெண்டு நாள்ல விட்டுரும்."

அவர் பையைக் கீழே வைத்தார்.

சொன்னபடியே காய்ச்சல் விட்டது. தங்கையிடம், பார்த்தாயா என்றுகூடக் கேட்டேன். மறுநாள் காலை, பேர் கொடுத்து வேலைக்கு இறங்கும் பெரட்டுக்குப் போனாள். மத்தியானம் மலையிலேயே விழுந்தாள். தூக்கி வரும்போது கையும் காலும் சில்லிட்டிருந்தன. டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதை நான் படித்ததில்லை. படித்ததில்லை என்று எவரிடமும் சொன்னதுமில்லை. அவள் பிழைக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் மாப்பிள்ளை தனியாகக் கூரையேறி எல்லா டயர்களையும் இறக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை.

மறுபடி காற்று தொடங்கித் தகரம் அடித்துக்கொண்டபோது லயத்து ஆட்கள் என் வாசலுக்கு வந்தார்கள்.

"இப்ப எதைங்க சார் வைக்கிறது?"

பரிசோதகரைக் கேளுங்கள் என்றேன்.

"அவரு என்ன சொன்னாலும், சரியான்னு உங்ககிட்டதானே சார் வந்து கேப்போம்."

பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.