சாயங்காலம் ஆனால் போய்விடும் நெட்

லேப்டாப்பின் மூலையில் இருக்கும் அந்த வைஃபை விசிறி மூன்று கோட்டிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து ஒன்றாகி, கடைசியில் ஒரு மஞ்சள் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நான் கீழ்வீட்டைப் பார்த்துத் திட்டுவேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். முத்தியால்பேட்டையில் அப்பா கட்டிய வீடு அது. சாகும் முன் அதை எங்கள் இருவர் பெயருக்கும் எழுதிவைத்தார். அப்போது நான் புருஷன் வீட்டில் இருந்ததால் அண்ணனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு நான் வந்து நின்ற அன்றுதான் அவனுக்கு அந்தப் பத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. மாடி அறையின் சாவியைக் கையில் கொடுக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

வந்த சில வாரத்திலேயே அண்ணிக்கும் எனக்கும் ஒரு நெத்திலிக் குழம்பை முன்வைத்துச் சண்டை வெடித்தது. குழம்பு ஒரு சாக்கு. "இனிமே என் அடுப்பங்கரையில கால வைக்காத," என்றாள். நானும் வைக்கவில்லை. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி இருந்ததால் அவர்கள் வாசலைத் தாண்டாமலே காலம் ஓடியது. மாடியில் தனி அடுப்பு, தனித் தண்ணீர்க் குடம். நெட் மட்டும் தனியாக இல்லை. லைன் அண்ணன் பெயரில் இருந்தது, பெட்டி அவன் வீட்டுக்குள் இருந்தது, பாஸ்வேர்டு மட்டும் என்னிடம் இருந்தது. தனி லைன் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "இந்த வூட்டு செவுத்துல இன்னொரு ஒயர் ஏறாது," என்று முடித்துவிட்டான்.

எனக்கு நெட் எதற்கு என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஊரிலிருந்தே ஒரு டீச்சர் வேண்டுமாம். அங்கே புதன்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடம் கிடையாது, அதனால் அந்த நேரத்தில் வகுப்பு. நமக்கு அது சாயங்காலம். முதலில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பெற்றவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிடித்தால் வேலை. அது கிடைத்தால் என் வீட்டில் நான் யார் கையையும் பார்க்காமல் இருக்கலாம். கிடைக்காவிட்டால் அண்ணன் வாசலில் நின்று சொல்வதைத் தினம் கேட்க வேண்டும்: "பேசாம அவன் வூட்டுக்கே போயி சேரு." போவதற்கு நான் தயாராக இல்லை. அந்த வீட்டில் பட்டதை இங்கே எழுதப்போவதும் இல்லை.

ஆனால் நெட்டோ காலையில் குதிரை மாதிரி ஓடும், சாயங்காலமானால் படுத்துவிடும். அண்ணன் துறைமுகத்துப் பக்கம் படகு இஞ்சின் ரிப்பேர் செய்பவன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். அவன் வண்டிச் சத்தம் தெருவில் கேட்டுச் சற்று நேரத்தில் எனக்குக் கோடு குறையும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன்தான் பிடுங்குகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மேலே இருந்து கத்தினேன். "அண்ணா, நெட்ட ஏன் ஆஃப் பண்ற?"

"யாரு ஆஃப் பண்ணது? டிவில படம் ஓடுது பாரு. ஒன் டப்பா லேப்டாப்ப போயி பாரு."

அதுவும் உண்மைதான். அவர்கள் டிவியில் நெட்டில் வருகிற சீரியல் தங்குதடையில்லாமல் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. ஆகவே குற்றம் என் லேப்டாப் மேல் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் கடை நெட்டில் போட்டார், பிய்த்துக்கொண்டு ஓடியது. "டிரைவர் பழசா இருக்கு மேடம்," என்று எதையோ புதுசாக ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் பழைய குருடிதான். நெட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைப் பார்க்கக்கூட மாடி ஏறவில்லை. கீழே டிவியைப் பார்த்தார், "ஸ்பீடு ஃபுல்லா வருதே சார்," என்றார், அண்ணன் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காபி டம்ளரைக் கழுவும் சத்தம்கூட எனக்கு எகத்தாளமாகக் கேட்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வீட்டு நெட்டின் பெயரை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு அடித்துச் சேர்த்தேன். ஏரோபிளேன் குறியைத் தட்டினேன், எடுத்தேன். லேப்டாப்பை ஜன்னலில் வைத்தேன், படிக்கட்டில் வைத்தேன், அறை நடுவில் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு வைத்தேன். போன் நெட்டைப் பிடித்து ஓட்டலாம் என்றால் எங்கள் தெருவில் போனுக்கே மூச்சு வாங்கும், மொட்டை மாடிக்குப் போனால்தான் எடுக்கும். மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். கடற்காற்று மைக்கில் ஊளையிட்டது, போதாக்குறைக்கு எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமையும் வந்தது. வேறு வழியில்லாமல் அறையிலேயே உட்கார்ந்தேன். திரையில் சதுரம் சதுரமாகப் பிள்ளைகள், பின்னால் அப்பா அம்மாக்கள். ஏற்பாடு செய்த அம்மாள் இந்த ஊர்க்காரிதான், போய் ரொம்ப வருஷமாகிறது. "போன்ழூர் மதாம்," என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்துவிட்டு, "தெளிவா தெரியறீங்க," என்றாள். எனக்கு உயிர் வந்தது. உறவுப் பெயர்களில் ஆரம்பித்தேன். அப்பா, அம்மா, அண்ணன் வரை வந்திருப்பேன். கீழே வண்டி வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி உறைந்துபோனது. பிறகு எல்லோரும் உறைந்தார்கள். மஞ்சள் முக்கோணம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினேன். அண்ணன் ஹாலில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எங்க அந்தப் பொட்டி? எங்க ஒளிச்சி வச்சிருக்க?" என்று கத்தினேன். டிவி மேல் அது இல்லை. டிவியிலிருந்து ஒரு நீல ஒயர் சுவரோடு போய் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது. நானும் அதன் பின்னாலேயே நுழைந்தேன். கால் வைக்காதே என்ற இடத்தில் இரண்டு காலையும் வைத்தேன்.

அண்ணி அப்போது பால் எடுக்கக் கம்பிவலை அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் கதவைத் திறந்த அந்த நொடியில் என் கையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "மதாம்! மதாம்! கேக்குதா?" அவள் திடுக்கிட்டுக் கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் உறைந்துபோனார்கள். நான் அவளைப் பார்த்தேன், அலமாரியைப் பார்த்தேன். வலைக்குள்ளே, பால் பாத்திரத்துக்கும் மீன் குழம்புச் சட்டிக்கும் மேல் தட்டில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி.

எங்கள் தெருவிலிருந்து கடல் நடக்கிற தூரம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், டிவியின் முதுகைத் தின்னும், செருப்புக் கொக்கியைக்கூட விடாது. முதல் பெட்டியை அதுதான் தின்றது. அடுத்த பெட்டியை அண்ணன் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறான், சூடாகி உள்ளே பல்லி வேறு புகுந்து கருகிப்போயிருக்கிறது. மூன்றாவதற்கு ஒரு யோசனை செய்திருக்கிறான். முதுகும் பக்கமும் தகரம், கதவில் கொசு நுழையாத நெருக்கமான இரும்பு வலை, படகு இஞ்சினுக்குப் போடும் கிரீசைக் கீலில் தடவி, இந்த அலமாரிக்குள் பெட்டியை வைத்துவிட்டான். பகலெல்லாம் அண்ணி அடுப்பங்கரையிலேயே இருப்பதால் அலமாரி திறந்தே கிடக்கும். சாயங்காலம் அண்ணன் வரும் நேரத்துக்கு அண்ணி சீரியல் பார்க்கப் போகும்போது பூனைக்குப் பயந்து கொக்கி போட்டுவிடுவாள். டிவிக்கு ஒயர் வழியாகப் போனது. எனக்குக் காற்று வழியாக வர வேண்டியது தகரத்துக்கும் வலைக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடந்தது.

ஆக, சதி இல்லை. இவ்வளவு நாள் நான் மாய்ந்து மாய்ந்து வெறுத்ததற்கு ஒரு சதியாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

"கதவத் தெறந்து வைங்க," என்றேன்.

"பூனை பூந்துடும்," என்றான் பின்னால் வந்த அண்ணன்.

"அப்ப பொட்டிய வெளிய எடு."

"வெளிய வச்சி மறுபடியும் பல்லி வுழுந்து கருவட்டுமா? காத்தும் போவுது, பல்லியும் போவல. யோசிச்சி செஞ்சிருக்கேன். ஒனக்கு வேணும்னா மேல போயி ஒக்காந்து ஒம் பாட்டப் பாரு."

"இது எங்கப்பா வூடு."

"எனக்கு மட்டும் பக்கத்து வூட்டுக்காரனா அவரு?"

அப்போதுதான் அண்ணி ஒரு காரியம் செய்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு அலமாரி ஓரமாக உட்கார்ந்தாள், கதவை விரியத் திறந்தாள், அது சாத்திக்கொள்ளாமல் பாதத்தை அண்டக் கொடுத்தாள். என்னிடம் பேசவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "பூனைய நான் பாத்துக்கறேன். அவள வேலைய முடிக்கச் சொல்லுங்க." அண்ணன் முணுமுணுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

பிள்ளைகள் மறுபடி அசைந்தார்கள். சண்டையில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. பெற்றவர்கள் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. ஒரு பொடிசு, "மதாம், அது யாரு?" என்று கேட்டது. "அண்ணன்," என்றேன். "அண்ணன் கோவக்காரரா?" என்றது. "ஆமா. சொல்லு பார்க்கலாம், கோவக்காரர்." எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஹாலில் டிவி சத்தம் திடீரென்று கூடியது. சமையல் மேடையிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கரண்டி, சட்டி, முறம், ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த பூனை. அண்ணி நடுநடுவே அதைச் சூ என்று விரட்டினாள், மற்றபடி காலை எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. "நாங்க எல்லாரும் பேசிட்டு வந்துடறோம் மதாம், லைன்லயே இருங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் திரையை விட்டு எழுந்து போனாள். என் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். இத்தனை நாள் ஜென்மப் பகை பாராட்டிய அண்ணி இவ்வளவு நேரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது, வெட்கமாகக்கூட இருந்தது. "ரொம்ப உதவி அண்ணி," என்றேன்.

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ஒனக்காவ இல்ல. வேலை கெடைச்சா நீ தனியா ஒரு வூடு பாத்துக்கினு போயிடுவ. எங்க வூடு எங்களுக்காவும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கணும், அரிசி தீர்ந்துபோச்சு என்பது போலச் சொன்னாள். சற்று முன் இளகியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"நான் எங்கயும் போவல அண்ணி," என்றேன். "இந்த வூட்லயே இருக்கத்தான் இந்த வேலைய கேட்டேன்."

அந்த அம்மாள் திரையில் வந்து உட்கார்ந்து, "மதாம், நாங்க முடிவு பண்ணிட்டோம்," என்று ஆரம்பித்தாள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, அண்டக் கொடுத்திருந்த அதே காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். கொக்கியையும் போட்டாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள்.

நான் எட்டிக் கொக்கியைத் தட்டிவிட்டேன். கதவை இழுத்துத் திறந்து என் காலை நடுவில் வைத்தேன். அவள் முக்காலியில், நான் நின்றபடி, நடுவில் மீன் குழம்பு. "கேட்டுச்சா மதாம்?" என்றது லேப்டாப். "அடுத்த புதன்கிழமைலேருந்து ஆரம்பிச்சிடுங்க."

இப்போதும் புதன்கிழமை சாயங்காலம் அந்த அடுப்பங்கரையில்தான் வகுப்பு. பெட்டியை அண்ணன் இன்னும் வெளியே எடுக்கவில்லை, கேட்பதை நானும் விட்டுவிட்டேன். முக்காலியை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணி என்னைச் சுற்றிச் சுற்றிச் சமைக்கிறாள், பால் வேண்டுமென்றால் என் காலைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.