செல்வி சுற்றிப்போன சுவர்

பேய், காத்து, கறுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் பியூசி வரை தேறியவள், அந்தத் திமிர். நீங்கள் நம்பாவிட்டாலும் போகட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷமாகிறது. லஸ்ஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதுசு. மந்தைவெளியில் எங்கள் தெருவிலேயே இருந்த செல்வி, என் ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. துணையில்லாமல் வந்து போனால்தான் வேலை என்று முதலாளி சொல்லியிருந்ததால், கூடவே நடந்தாலும் என் கையைப் பிடிக்க மாட்டாள். விரலைச் சொடுக்கிக்கொண்டே வருவாள். சத்தம் திரும்பி வந்து முகத்தில் படுவதை வைத்தே சுவர், மரம், நிற்கிற ரிக்‌ஷா எல்லாம் சொல்லிவிடுவாள்.

வழியில் ஒரு காலி மனை. வேலிகூடக் கிடையாது, ஊரே குறுக்கே நடக்கும். அவள் மட்டும் ரோட்டில் இறங்கிச் சுற்றி வருவாள்.

"செவுரு கீதுக்கா."

"ஒண்ணுமில்லடி, வெறும் மண்ணு."

"உனக்குக் கண்ணு கீது, நீ பூந்து போ."

ஒருநாள் காலை ரொம்ப நேரமாகிவிட்டது. படித்தவள் சொல்கிறேன், இவளுக்கென்ன பிடிவாதம் என்று மணிக்கட்டைப் பிடித்துக் குறுக்கே இழுத்துக்கொண்டு நடந்தேன். வேணாங்க்கா என்று இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பக்கம் ரோட்டுக்கு வந்ததும் சொடுக்கினாள். நின்றாள். திரும்பவும் சொடுக்கினாள்.

"எப்பக்கா வெளிய போவோம்?"

"வந்தாச்சுடி. பஸ் சத்தம் கேக்கல?"

"கேக்குது. செவுத்துக்கு அந்தாண்ட கேக்குது."

அதற்கப்புறம் அவளுக்கு வழியே தெரியவில்லை. எங்கே சொடுக்கினாலும் நாலு பக்கமும் சுவர் என்றாள். பத்தே நாளில் வேலை போயிற்று. அவள் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைச் சாந்தோம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். சுற்றிலும் ஒரு படகுகூட இல்லாத மணலில் நிறுத்தி, அவளுக்காக நானும் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க ஏதுடி சுவர்?" என்றேன். என் குரல் என் முகத்திலேயே வந்து மோதியது, சாத்தின அறைக்குள் பேசினமாதிரி.

"உனக்கும் கேக்குதாக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கோடையில் மொட்டைமாடியில் படுக்கும்போது, கண்ணை மூடி மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன். போன வருஷத்தைவிட இந்த வருஷம் கிட்டேயிருந்து திரும்புகிறது.