சோமாவதி அண்ணியின் இரண்டு அடுப்புகள்

சித்திரை வருடப்பிறப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, "அண்ணி போய்ட்டாங்க, உடனே வாங்க" என்று ஓப்பநாயக்கவிலிருந்து ஆள் வந்து சொன்னார். ஈரத்துணியைக் கொடியில் போட்டபடியே விட்டுவிட்டு, எஹலியகொட பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

ஓப்பநாயக்க கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அண்ணன், அறுபத்து நாலில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்ணான சோமாவதியைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது. அண்ணி சில மாதங்களிலேயே தமிழ் பேசப் பழகினார். பாதித் தமிழ், எங்களோடு இருந்த பெரியப்பா அவரைத் திட்டியதைக் கேட்டே வந்தது.

முதல் வருடப்பிறப்புக்கு, சிங்களச் சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டி, கிரிபத் என்கிற பால்சோறு செய்து, துண்டு போட்டார். முதல் துண்டை எனக்குத்தான் தந்தார். நான் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டேன். திரும்பினால் கதவருகே அண்ணி நிற்கிறார். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. "நங்கி, உங்க வீட்ல இன்னைக்கு என்ன செய்வீங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலியே. நீ சொல்லு, அதையும் செய்வோம்" என்றார். நங்கி என்றால் தங்கை. கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தார்.

அடுத்த வருடம் இரண்டு அடுப்பு. பஞ்சாங்க நேரத்துக்கு ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். சிங்கள நேரத்துக்கு மற்றதில் பால்சோறு. பொங்கலை முதலில் அவருடைய அண்ணன் பியசேன வாயில் வைக்க வேண்டும், பால்சோற்றை எங்கள் பெரியப்பா. இது அண்ணி போட்ட சட்டம். மேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த கொழுந்து பறிக்கும் குடும்பங்களையும் அழைத்து அதே பந்தியில் உட்காரவைத்தார்.

"தோட்டத்து ஆளுங்களோடவா நான் சாப்பிடணும்?" என்று பெரியப்பா முகம் சுளித்தார்.

"எடம் பத்தலைன்னா நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன், மாமா. நீங்க எல்லாரும் உக்காருங்க" என்றார் அண்ணி.

பெரியப்பா உட்கார்ந்தார். பிறகு எந்த வருடமும் தவறவில்லை. எழுபத்தேழு கலவரத்தில் தமிழர் கடைகளைக் கொளுத்த ஒரு கூட்டம் வந்தபோது, அண்ணி வாசலில் நின்று, "இது என் வீடு. யாரைத் தேடுறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பெரியப்பா ஒளிந்திருந்தார். நான்கு நாள் அண்ணி அவருக்கு அங்கேயே சோறு போட்டார்.

அந்தப் பெரியப்பாதான், கூடத்தில் அண்ணியின் உடலை வைத்துக்கொண்டு, "சிங்களத்திக்கு நம்ம மயானத்துல எடம் கேக்க முடியுமா? அவ அண்ணனே கொண்டுபோகட்டும்" என்றார்.

பியசேன தரையைப் பார்த்தார். "எங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. அவ தமிழ் வீட்டுக்காரி ஆயிட்டாள்னுதான் சொல்லுவாங்க."

என் அண்ணன் சுவரில் சாய்ந்தபடி வாயே திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அவங்க கையால சாப்பிட்ட வாய்தானே பெரியப்பா இது?" என்று கேட்டேன். "சாவு வீட்ல பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்றார்.

மேல் தோட்டத்து வள்ளியம்மா, அண்ணியின் பந்தியில் வருடம் தவறாமல் உட்கார்ந்தவர், எழுந்து வந்தார். "எங்க மயானத்துல வச்சுக்கறோங்க. தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டாச்சு" என்றார். லயத்து ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள்.

அந்த நேரத்தில் பெரியம்மா சமையலறையில் இருந்தார். வருடப்பிறப்புக்கென்று அண்ணி சுட்டு வைத்திருந்த கொக்கிஸ் பலகாரத்தைத் தகர டின்னோடு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். "வீணாப் போயிடுமேன்னு..." என்றார். உடலைத் தொட்டால் தீட்டாம். பலகாரத்துக்குத் தீட்டில்லை போலும். டின்னைப் பிடுங்கிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தேன்.

அடக்கம் முடிந்து குளித்த பிறகு, லயத்து வாசலில், பாடையைத் தூக்கியவர்களுக்கெல்லாம் அந்தப் பலகாரத்தைப் பங்கிட்டேன். பியசேன எப்போது பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. செருப்பில்லாமல், காலெல்லாம் சேறாக நின்றார். அழுதுகொண்டே கையை நீட்டினார்.

அண்ணியாக இருந்தால் முதல் துண்டை அவருக்குத்தான் கொடுத்திருப்பார். நான் கடைசித் துண்டைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல், அருவருப்போடுதான் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான், அண்ணி. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.