740-ஆம் வரியும் சரசுவின் பிள்ளையும்

1. மேசை மேல் பிள்ளைகள்

புரோகிராமில் பிழை இருந்தால் திரையில் எழுத்து வரும் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. மேசை மேல் ஏறி மூத்திரம் போகும் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசில் போனது. சுத்தம் செய்தவள் நான், அதனால் எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை. அப்போது நான் அங்கே கம்ப்யூட்டர் கிராணி, அதாவது கிளார்க். பெரட்டு முடிந்துவிட்டது. ஆள்களை வரிசையாக நிறுத்தி, எந்த கேங் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்போம். நான் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்கள், கூடை இல்லாமல், இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையோடு நின்றார்கள். முன்னால் சரசு. நேராகப் போய்த் தன் மகனை மிஸ்டர் தேவாவின் கீபோர்டு மேல் உட்கார வைத்தாள்.

"இந்தாங்க சார். கம்ப்யூட்டர்தான எங்கள பத்தொம்பதாம் நம்பர் மலைக்குப் போடுது? கம்ப்யூட்டரே பால் குடுக்கட்டும் லா!"

மற்றவர்களும் பிள்ளைகளை இறக்கினார்கள். என் மேசையையும் விட்டுவைக்கவில்லை.

தேவா கோலாலம்பூரிலிருந்து வந்தவர். எங்கள் பழைய புரோகிராமைப் புதுசாக்க வந்த எக்ஸ்பர்ட். மலைக் குளிரிலும் டை கட்டுவார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ் ரத்னா, இவங்க என்ன ஃபீச்சர் கேக்குறாங்க?"

"ஃபீச்சர் இல்ல சார். தாய்ப்பால்."

2. கொழுந்து லாரியில் போன புரோகிராம்

அந்தப் பழைய புரோகிராமை எழுதியவர் எங்கள் சின்னத் துரை ஒருவர். எழுபதுகளின் கடைசியில், மழை விடாத ஒரு மாதத்தில், பொழுது போகாமல் பேசிக் மொழியில் எழுதினார். எந்த மலையில் கொழுந்து பறிக்கும் பதத்துக்கு வந்திருக்கிறது, எந்த கேங்கை அனுப்பலாம் என்று தினமும் காலையில் அது அச்சடித்துக் கொடுக்கும். பூட்டு கிடையாது, காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றினால் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாப்பியைப் பிஸ்கட் டின்னில் போட்டு லாரி டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போனது. கோலா தெர்லா ஊர்க் காய்கறி லாரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லெம்பா பெர்த்தாமில் ஒரு பூத்தோட்டக்காரர் கொழுந்துக்குப் பதில் ரோஜா என்று மாற்றிக்கொண்டார். இன்றைக்குப் பிள்ளைகள் இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் வைத்து, ஹோட்டலில் கூட்டம் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்கிறார்கள். நல்லது, செய்யட்டும்.

ஊரார் கை பட்ட கறி எப்படி இருக்கும்? புரோகிராமும் அப்படித்தான் இருந்தது. ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும், அங்கிருந்து எங்கோ ஓடும். விளக்கக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. மெஷினில் மெமரி போதாமல் நாங்களே எல்லாக் குறிப்பையும் அழித்திருந்தோம்.

அதில் 740-ஆம் வரி. ஏழாம் கேங் என்றால் கிட்டத்து மலை மட்டும். ஏழாம் கேங்கைப் பிள்ளைக்காரிகள் கேங் என்றுதான் சொல்வோம். கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். பத்து மணிக்கு இறங்கி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பீடி பற்றவைப்பார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். ஆனால் ஒரு துரையும் அதில் கை வைத்ததில்லை.

3. சுத்தம் செய்ய வந்தவர்

ஆளுக்கொரு மாதிரி புரோகிராம் ஓட்டினால் சரிப்படாது என்று எஸ்டேட்டுகள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டன. கமிட்டிதான் தேவாவைக் கொண்டுவந்தது. பேசிக்கில் கிடந்ததையெல்லாம் பாஸ்கல் என்ற புது மொழிக்கு மாற்ற வேண்டும். கெட்டிக்கார மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த பிழைகளைச் சட்டுச் சட்டென்று பிடித்தார். ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார்: எழுத்தில் காரணம் இல்லாத வரி எதுவும் புதுசில் வரக் கூடாது.

740 வந்தது. காரணத்தைச் சொன்னேன்.

"எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்ல சார். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்ங்கறது டாக்குமெண்ட் இல்லம்மா. எல்லா கேங்கும் சமமா எல்லா மலைக்கும் போகணும். அதான் லாஜிக்."

வரி போனது. புது புரோகிராம் சமமாகப் பிரித்தது. பத்தொன்பதாம் நம்பர் மலை எங்கள் குன்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, லாரியில் ஏறித்தான் போக வேண்டும். பொழுது சாயத்தான் லாரி திரும்பும். மற்றப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஆயா கொடுத்த புட்டிப் பாலைக் குடித்தன. சரசுவின் பிள்ளை வாயே திறக்கவில்லை. சாயங்காலம் லாரி நிற்கும் முன்பே அவள் குதித்து ஓடினாள். சட்டையெல்லாம் பால். நான் ஆபீஸ் சன்னல் வழியாகப் பார்த்தேன். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. மறுநாள் காலை மெஷின் மறுபடியும் பத்தொன்பதே என்றது. அன்றுதான் பிள்ளைகள் மேசை மேல் ஏறினார்கள்.

4. இருபத்திரண்டு வயதுக் கிழவி

சத்தம் கேட்டுப் பெரிய துரை வந்தார். நல்லவர், ஆனால் வழவழா.

"மலைக்குப் போகலன்னா ஆப்சென்ட். தொடர்ந்து ஆப்சென்ட்னா பேரு வெட்டிருவாங்க. நான் என்னாம்மா செய்ய முடியும்? மெஷின் சொன்னத மாத்த மாட்டேன்னு கமிட்டில சைன் வெச்சிருக்கேனே."

"அப்ப பிள்ளையா வேலையான்னு நீங்களே சொல்லிருங்க தொர," என்றாள் சரசு. துரை சுவரிலிருந்த காலண்டரைப் படித்தார்.

"சார், அந்த ஒரு வரிய திரும்பப் போட்டுருங்க," என்றேன் தேவாவிடம்.

"போட முடியாது. ஒரு எழுத்து மாத்தணும்னாலும் எல்லா எஸ்டேட்டும் சம்மதிச்சு அப்ரூவல் வரணும். ரூல்."

"யாரு போட்ட ரூல்?"

"நான்தான்," என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அந்த நேரம் பார்த்துக் கீபோர்டு மேலிருந்த பிள்ளை வீறிட்டது. தேவா பதறிப்போய்த் தூக்கினார். அது அவர் நெஞ்சில் முகத்தை வைத்துத் தேடியது. ஒன்றும் அகப்படாமல் டையின் நுனியைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. தேவா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையைச் சரசுவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மிஸ் ரத்னா, புரோகிராம்லதான் கை வைக்கக் கூடாது. டேட்டால வைக்கலாம்ல?"

அம்பது வயது தாண்டியவர்களைத் தூர மலைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அது யூனியன் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்ததால் பிழைத்துக்கொண்டது.

"சரசு, ஒனக்கு என்ன வயசு?"

"இருவத்திரெண்டு சார்."

அம்பத்திரண்டு என்று தட்டினார். சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுத்த மனுஷன், என் கண் முன்னால், ஒரு கேங் முழுவதையும் கிழவிகளாக்கினார்.

"ஐயையோ, எம் புருசன் பாத்தா என்னாவறது?" என்றாள் சரசு. அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் மெஷின் ஏழாம் கேங்கை மூன்றாம் நம்பர் மலைக்குப் போட்டது. ஆயாக் கொட்டகைக்குக் கூப்பிடு தூரம்.

5. அப்ரூவல்

இந்த மாதிரி விஷயத்துக்கு பிளாப்பி தேவையில்லை. தானா ராத்தா சந்தைக்குப் போன பெண்கள் பேசிக்கொண்டார்கள், போதும். தீபாவளிக்குள் சுற்றியிருந்த எந்த எஸ்டேட்டின் கணக்கிலும் இளம் தாய் என்று ஒருத்தி இல்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மிகவும் வருத்தப்பட்டார்: "மலையில பெண் தொழிலாளிங்களுக்கு ரொம்ப வயசாயிட்டு வருதே!" தேவா தலையைக் குனிந்தபடி அதைக் குறித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

740-ஐத் திரும்பப் போடக் கேட்டு, பிள்ளைகள் மேசை ஏறிய அன்றைக்கே தேவா எழுதிப் போட்ட விண்ணப்பம் ஒவ்வொரு ஆபீசாகப் படியேறி இறங்கியது. ஒருவழியாக அப்ரூவல் வந்தபோது நானே எடுத்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போனேன். சரசுவின் மகன் தரையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து, முளைத்த பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

பழைய புரோகிராமைச் சுத்தம் செய்யப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அசிங்கமான வரிகளைத் தாராளமாகத் தூக்குங்கள், நானே கூட நின்று தூக்குவேன். தூக்கும் முன் அதனால் யார் வயிறு நிறைகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொல்வதற்கு ஆள் இருந்தால், அது எழுத்தில் இல்லையே என்று அடம் பிடிக்காதீர்கள்.

"அப்ரூவல் வந்திருச்சு சரசு," என்றேன். "ஆனா லேட்டு லா. இவன்தான் ரொட்டி திங்க ஆரம்பிச்சுட்டானே."

சரசு வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"சரியான நேரத்துக்குத்தாங்க்கா வந்திருக்கு. அடுத்தது வருது. இந்த வாட்டியாவது என்னைய எம் வயசுலயே பால் குடுக்க விடச் சொல்லுங்க."