நிறுத்தி வைக்கச் சொன்ன டீச்சர்

ராமாமணி டீச்சர் எந்தப் பிள்ளையையும் மக்கு என்று சொன்னதில்லை. நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். என்னால் ஒருத்தனும் கெட்டுப்போகவில்லை. சொல்லாதவருக்குத்தான் பழி வந்து சேர்ந்தது.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் பள்ளிக்கூடம். நான் கந்தப்பன், தலைமையாசிரியர். ஐந்தாம் வகுப்பு ராமாமணி டீச்சருடையது. தொண்ணூற்று நான்கில் ஒரு புதுத் தேர்வு எங்கள் தலையில் வந்து இறங்கியது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். நான்கு விடையில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். பாஸ், பெயில் கிடையாது. மார்க்குக்குப் பதில் ஓர் அட்டை வரும். அதில் 'இலக்கை எட்டியுள்ளார்' அல்லது 'எட்டவில்லை' என்று இருக்கும். கூட வந்த சுற்றறிக்கையை மூன்று முறை படித்தும் எனக்கே பாதி விளங்கவில்லை. மேலே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எந்த ஊர்த் தமிழில் எழுதுகிறார்களோ!

பெற்றவர்களுக்கு அதை விளக்க டீச்சர் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனார். "ஏனுங்க டீச்சர், எம்பையன் பாஸுங்களா, பெயிலுங்களா?" என்பதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். இவர் விடமாட்டார். அட்டையை விரித்துவைத்து வரி வரியாகச் சொல்வார். 'அட்டை டீச்சர்' என்றே பெயராகிவிட்டது. "அப்படியே ரேஷன் கார்டையும் விளக்கிட்டு வந்திருங்க" என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

திருமலைசாமி தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். அவருடைய மூத்த மகள் மாசாணியம்மாள் கணக்கில் புலி. அந்த வருஷம் அம்மை போட்டு ஒன்றரை மாதம் பள்ளிக்கு வரவில்லை. அட்டையில் 'எட்டவில்லை' என்று வந்துவிட்டது. பேசாமல் ஆறாவதுக்குத் தள்ளிவிட்டிருக்கலாம், கேட்க நாதியில்லை. டீச்சருக்கு மனசு வரவில்லை. இன்னொரு வருஷம் தன்னிடமே இருந்தால் அடித்தளம் பலமாகிவிடும் என்று நம்பினார். அவர்கள் வீட்டு வாசலில் நின்று, எங்களுக்கெல்லாம் வாயில் ஊறிப்போன சொல்லைச் சொன்னார்.

"பாப்பாவ அஞ்சாவதுலயே நிறுத்திரலாமுங்க. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க டீச்சர். நீங்க சொன்னாச் சரிங்க."

வாத்தியார்களுக்கு நிறுத்துவது என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பது. ஊருக்கு நிறுத்துவது என்றால் படிப்பையே நிறுத்துவது. இந்த வித்தியாசம் எனக்கும் அன்று தோன்றவில்லை. அந்த 'சரிங்க' வேறு. எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் சொன்னால் எதற்கும் 'சரிங்க'தான். எதிர்க் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைச்சல்.

ஜூனில் மாசாணியின் பெயர் மறுபடியும் ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறியது. ஆள் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு ஆனைமலைப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். ஆடி மாசம் பஸ் ஸ்டாப்பில் திருமலைசாமியே டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீங்க சொன்னபடியே நிறுத்திப்போட்டேனுங்க. திருப்பூர்ல எங்கக்கா ஊட்டுல இருக்குது. பனியன் கம்பெனில நூல் பிசிர் வெட்டுதுங்க. நேரத்துல சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க டீச்சர்."

நன்றியாம்! டீச்சர் விளக்கிச் சொல்வதற்குள் அவர் ஆனைமலை பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போனார். மூன்று தடவையும் அந்தப் பெண் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அத்தைக்காரி வெளியே நின்று, "வெக்கப்படுதுங்க. பள்ளிக்கூடம் வேண்டாமுங்களாமா" என்றாள். டீச்சர் நடந்த தப்பை அவளிடமே சொல்லி, பிள்ளையிடம் எடுத்துச் சொல்லச் சொன்னார். "சொல்லிப்போடறேனுங்க" என்றாள் மகராசி.

அதற்குப் பிறகு டீச்சர் பழைய ஆளாக இல்லை. பெயரை அடித்துவிடச் சொல்லி நான் சண்டை போட்டும் கேட்கவில்லை. தினமும் காலையில் "மாசாணியம்மாள்" என்று கூப்பிட்டுவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார மறுத்தார்கள். பேய் இருக்கிறது என்றார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு வாலுப் பிள்ளை விளையாட்டுக்குக் குரலை மாற்றி, "உள்ளேன் டீச்சர்" என்றது. டீச்சர் பதிவேட்டில் வருகை போட்டுவிட்டார். பேனாவை மூடிய பிறகுதான் அழுதார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் அந்த வகுப்பைத் தாண்டிப் போகும்போது நடை தானாக வேகமாகிவிடும். கடவுளை நம்பாத ஆள் நான்.

அட்டை விளக்குவதை மட்டும் அவர் விடவில்லை. விதத்தை மாற்றிக்கொண்டார். "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பார்க்கலாம்" என்று பெற்றவர்களையே திருப்பிச் சொல்ல வைப்பார். 'சரிங்க' என்றால் விடமாட்டார். பெரிய மனுஷர்களுக்குக் கோபம்கூட வந்தது.

தொண்ணூற்று ஒன்பது ஏப்ரலில் பெற்றோர் கூட்டம். அந்த வருஷம்தான் ஊர் திரும்பியிருந்த திருமலைசாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், ஐந்தாவது படிக்கும் சின்ன மகளுக்காகத் திருப்பூரிலிருந்து மூத்தவள் வந்திருந்தாள். பதினைந்து பதினாறு வயசு இருக்கும், மெலிந்த பெண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தது. எல்லோரும் போகும்வரை அவளைக் கூப்பிடவில்லை. பிறகு சின்னவளின் அட்டையை எடுத்தார். 'எட்டவில்லை.'

"தங்கச்சி இன்னும் ஒரு வருஷம் இதே அஞ்சாவது படிக்கட்டும் கண்ணு. தெனமும் பள்ளிக்கூடம் வரணும். அடுத்த வருஷம் ஆறாவது. நான் என்ன சொன்னேன், சொல்லு."

"இன்னொரு வருஷம் அஞ்சாவதே படிக்கோணும். தெனமும் வரோணும். அப்பறம் ஆறாவது" என்றாள் மாசாணி. கொஞ்சம் தயங்கினாள். "இதத்தான் நிறுத்தி வெக்கறதும்பாங்களா டீச்சர்?"

"ஆமா."

"அன்னைக்கு எங்கப்பங்கிட்ட..."

"இதத்தான் சொன்னேன் கண்ணு. உங்க அத்தைகிட்டயும் சொன்னேனே."

"அத்த ஒண்ணும் சொல்லலீங்க. மக்குன்னு பள்ளிக்கூடத்த உட்டே என்னையத் தாட்டி உட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

டீச்சர் அவள் கையைப் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாசாணி அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கில் ஒரு படி தப்பிவிட்ட பிள்ளை கேட்பதுபோல், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஒரே ஒரு வருஷந்தானுங்களா டீச்சர்?"