யாருக்கும் இல்லாத பெயர்

கரும்பு டிராக்டரை ஆலை வாசலில் வரிசையில் நிறுத்திவிட்டு, அதை ஓட்டி வருபவர் நேராக எங்கள் ஆலை ஆய்வக ஜன்னலுக்கு வருவார். மீசையில் தூசி, கையில் கைபேசி. புதிதாகப் பிறந்த தன் மகளுக்கு உலகில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்பார்.

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொன்னேன். நறுவீ என்றால் மணமுள்ள பூ. தூவி என்றால் பறவையின் மெல்லிறகு. இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். அவர் ஒவ்வொன்றையும் கைபேசியில் தேடினார்.

“மலேசியாவுல ஒரு பொண்ணு இந்தப் பேர வெச்சிக்கினு கீதுங்க. வேற சொல்லுங்க மேடம்.”

இதற்குள் குழந்தை நடந்தது, பேசியது. பள்ளியில் சேர்க்கும் வயதும் வந்தது. ஒருநாள் சோறு கொண்டுவந்த அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “இவுரு பேரு தேடி முடிக்கறதுக்குள்ள அதுக்குக் கல்யாணமே ஆயிடும். வூட்ல கூப்புடற பேர்லயே நானே சேத்துடப் போறேன்.”

அடுத்த தை மாதம், மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் அவரைப் பார்த்தேன்.

“என்ன பேருங்க வெச்சீங்க?”

“பாப்பா! பள்ளிக்கூடத்துலயே எம் பொண்ணுக்கு மட்டுந்தாங்க அந்தப் பேரு. எப்பிடி?”

மகளைக் காட்டுவதற்காக, “பாப்பா!” என்று உரக்கக் கூப்பிட்டார். பொம்மைக் கடையில் நின்ற அத்தனை சிறுமிகளும் திரும்பினார்கள்.

அவர் கண்ணுக்கு ஒருத்திதான் தெரிந்தாள்.