வரிசையில் மூன்றாவது

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்தப் பிற்பகலில் என் ஒலிப்பதிவு அறையில் இருந்தது நானும் அக்காவும் மட்டும்தான். அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பின் குரல் இருக்காது. அதனால் அன்றாடம் தேவைப்படும் நூறு வாக்கியங்களை அவள் குரலிலேயே பதிந்து வைக்க நினைத்தோம்.

என் லினக்ஸ் கணினியில் மூன்று மென்பொருள்கள். ஒன்று இரைச்சலை நீக்கும். ஒன்று அவள் குரலை அவளது ஹெட்போனுக்கே அனுப்பும். கடைசி ஒன்று பதியும். மூன்றையும் மேய்க்க ஒரு மேலாளர் மென்பொருள். ‘சேமி’ என்று வரிசையாக ஒவ்வொன்றிடமும் அது சொல்லும். ஒன்று ‘சேமித்தேன்’ என்ற பிறகுதான் அடுத்ததிடம் போகும்.

மணி 3.10. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நூறாவதை முடித்தாள்.

“இனிமே உனக்குக் கொண்டாட்டம்தான்டா. திட்ட ஆளில்ல.”

“திட்டையும் பதிஞ்சாச்சுக்கா. வாரம் ஒரு தடவை போட்டுக் கேப்பேன்.”

சிரித்தாள். நான் ‘சேமி’யை அழுத்தினேன்.

திரையில் ‘சேமித்தேன்.’ ‘சேமித்தேன்.’

பிறகு... ஒன்றுமில்லை.

பட்டியலைப் பார்த்தேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. மூன்றாவதற்குப் பெயரே இல்லை. மைக்கிலிருந்து ஓர் இணைப்பு அதற்குள் போனது. அதிலிருந்து இன்னொன்று அக்காவின் ஹெட்போனுக்கு.

3.12.

“என்னை மாதிரியே பேசிக் காட்டுறியாடா?”

“நான் வாயே திறக்கலக்கா.”

“அப்போ... நான் பேசாதப்போ என் குரல் எப்படிக் கேக்குது?”

“ஹெட்போனைக் கழட்டு!”

மூன்றாவதை நிறுத்தினேன். மறைந்தது. செத்ததை எழுப்புவதும் மேலாளரின் வேலை. எழுப்பியது.

மறுபடி நிறுத்தினேன்.

மறுபடி எழுந்தது.

மின்கம்பியைப் பிடுங்கலாம். ஆனால் நான்காவதாக நிற்கும் பதியும் மென்பொருள் இன்னும் சேமிக்கவில்லை. அக்காவின் குரல் மொத்தமும் போய்விடும்.

கையை எடுத்துவிட்டேன்.

காத்திருந்தேன்...

3.19. ‘சேமித்தேன்.’

உடனே நான்காவதும் சேமித்தது. கணினியை அணைத்தேன். கம்பியைப் பிடுங்கினேன். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் அக்காவை அழைத்துக்கொண்டு வந்து திறந்தேன். நூறும் பத்திரமாக இருந்தன. பெயரில்லாததன் கோப்புறையில் ஒரே ஒரு பதிவு. தேதி, அறுவை சிகிச்சை நாள். நேரம், காலை 10.20.

அப்போது அக்கா மயக்கத்தில் இருந்தாள். சாவி என்னிடம் இருந்தது.

ஓடவிட்டேன். அக்காவின் குரல்.

“நீ தூங்கு. நான் கிளம்புறேன்.”

அக்கா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். எழுதினாள்.

‘இது நான் சொன்னது இல்லடா. மயக்கத்துல எனக்குக் கேட்டது.’